அனலைதீவுக்கு எங்கள் தாயாரை அழைத்துச் சென்றுவர உதவிய அனைவருக்கும் நன்றி

பேரன்புடையீர்,

கடந்த ஆவணி மாதத்தில், எண்பது வயதைக் கடந்த எங்கள் தாயாரைக் காரைநகர் வழியாக ஊர்காவற்றுறைக்கும், அங்கிருந்து கடல்வழியாக அவர் பிறந்து வளர்ந்த, யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான அனலைதீவுக்கும் கூட்டிச் சென்று, ஐயனார் கோயிலில் அவரது நெடுநாள் நேர்த்திக்கடனை நிறைவேற்றி, பத்திரமாகத் திரும்பி வந்திருக்கிறோம். இந்தப் பயணம் முழுவதிலும் கையாலும் தோளாலும் சொல்லாலும் உதவிய உங்கள் அனைவருக்கும் பிள்ளைகளாகிய நாங்கள் இம்மடல் மூலம் நன்றி தெரிவிக்கின்றோம். நேரில் நன்றி சொல்ல முயன்றபோதெல்லாம் "இதென்ன பெரிய காரியம்" என்று நீங்கள் பேச்சை மாற்றிவிட்டதால், பலர் அறிய எழுதிவைப்பதே சரி என்று எங்களுக்குப் பட்டது.

இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்துகொண்ட பிறகு தாயாரால் நடக்க முடிவதில்லை. பிள்ளைகளில் ஒருவர் ரொறன்ரோவிலும், ஒருவர் லண்டனிலும், ஒருவர் கொழும்பிலும் இருக்கிறோம். ஊருக்குப் போகவேண்டும் என்று அவர் கேட்கத் தொடங்கியபோது, உறவினர் பலரும் எங்கள் மீதுள்ள அக்கறையினால்தான் தடுத்தார்கள். கோயிலையும் வீட்டையும் கைத்தொலைபேசியில் காட்டினால் போதாதா என்றும், தனிப்படகு பிடித்துப் போய் அன்றே திரும்பலாமே என்றும் யோசனை சொன்னார்கள். தாயார் இரண்டுக்கும் இசையவில்லை. போர்க்காலத்தில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஊரை விட்டு வள்ளத்தில் ஏறிய இரவில், எல்லோரும் உயிரோடு கரைசேர்ந்தால் ஐயனாருக்குப் பொங்குவேன் என்று நேர்ந்துகொண்டவர் அவர். ஊர்ச்சனத்தோடு ஊர்ச்சனமாகப் பயணிகள் படகில்தான் போவேன் என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார். இதில் அவர் எடுத்த முடிவே நல்ல முடிவு என்பதைப் பின்னர் தெளிவாகக் கண்டோம். தனிப்படகில் போயிருந்தால் இம்மடலில் நன்றி சொல்லப்படும் பெரும்பாலானவர்களை நாங்கள் சந்தித்திருக்கவே மாட்டோம்.

முதலில் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஓடும், 'பாதை' என்று நாங்கள் அழைக்கும் மிதவைப் படகின் பணியாளர்களுக்கு. பொன்னாலைப் பாலத்தைத் தாண்டி நாங்கள் வந்துசேர்ந்தபோது பாதை புறப்படும் தறுவாயில் இருந்தது. சக்கர நாற்காலியைக் கண்டதும் அதை நிறுத்திவைத்து, மோட்டார் சைக்கிள்களை ஒருபுறம் ஒதுக்கச் சொல்லி, நாற்காலியின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து அசையாமல் நிறுத்தினார்கள். ஒதுங்கி நின்றவர்களில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மறுகரை சேர எடுக்கும் நேரம் மிகக் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த நேரத்தில்தான் தாயார் பதற்றம் தெளிந்து, கடற்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அன்று நீர் இறங்கியிருந்தது. படகின் விளிம்பு துறைமேடையை விட நன்றாகத் தாழ்ந்து கிடந்தது. அலைக்கு அலை அது ஏறி இறங்கியதோடு, மேடைக்கும் படகுக்கும் இடையில் ஓர் இடைவெளி திறந்து மூடிக்கொண்டும் இருந்தது. நடக்கக்கூடியவர்கள் அந்த இடைவெளியை யோசிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். நாங்களோ நாற்காலியைப் பிடித்தபடி செய்வதறியாமல் நின்றோம். படகோட்டி வந்து தாயாரை ஒருமுறை பார்த்தார், படகை ஒருமுறை பார்த்தார், பிறகு எங்களை விலகி நிற்கச் சொன்னார். சக்கர நாற்காலி வேண்டாம், அதன் எடையே தொல்லை என்று சொல்லி, பக்கத்துக் கடையிலிருந்து கைபிடி உள்ள பிளாஸ்டிக் கதிரை ஒன்றை எடுத்துவரச் செய்தார். ஆழமற்ற இடங்களில் படகைத் தள்ளப் பயன்படுத்தும் நீண்ட கம்புகள் இரண்டைக் கைபிடிகளுக்குக் கீழே கொடுத்து, நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினார்கள். கயிறு தாயாரின் முழங்காலை அழுத்தக்கூடாது என்பதற்காக, அங்கு நின்ற கடற்றொழிலாளர் ஒருவர் தம் தோளில் கிடந்த துவாயை நாலாக மடித்து இடையில் வைத்தார். பிறகு இருவர் மேடையிலும் இருவர் படகிலுமாக நின்றுகொண்டார்கள்.

உடனே தூக்குவார்கள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம், அவர்கள் தூக்கவில்லை. ஓர் அலை போனது, அடுத்ததும் போனது. படகோட்டியின் கண் கதிரையில் இல்லை, தண்ணீரில் இருந்தது. "ஆச்சி, பயப்படாதேங்கோ" என்றவர், மூன்றாவது அலை படகை மேலே தூக்கிவந்து மேடையோடு சமமாக்கிய அந்தக் கணத்தில் குரல் கொடுத்தார். படகு மீண்டும் தாழ்வதற்குள் தாயார் உள்ளே இருந்தார். அவரது சேலையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. வைத்தியசாலைகளில் பயிற்சி பெற்றவர்கள் நோயாளியைக் கட்டிலிலிருந்து மாற்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். இத்தனை பதனமாகச் செய்தவர்களை நாங்கள் கண்டதில்லை. அந்த நால்வருக்கும், கதிரை தந்த கடைக்காரருக்கும், துவாய் தந்தவருக்கும் எங்கள் தலைதாழ்ந்த நன்றி.

படகில் இயந்திரப் புகை படாத நடுப்பகுதியை எங்களுக்கு விட்டுத்தந்து, காய்கறி மூட்டைகளுக்கும் எரிவாயு சிலிண்டர்களுக்கும் இடையே நெருங்கி உட்கார்ந்த பயணிகளுக்கும் நன்றி. அவர்களுள் தீவுப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்களும் இருந்தார்கள். நாங்கள் இவ்வளவு ஆயத்தங்களோடு செய்த பயணத்தை அவர்கள் மழையிலும் காற்றிலும் வேலைக்காகச் செய்கிறார்கள் என்பதைக் கேட்டபோது, எங்கள் ஆயத்தங்களைப் பற்றிப் பேச எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

துறையை விட்டு நீங்கியதும் நீரின் நடுவே தனித்து நிற்கும் கடற்கோட்டையைத் தாயார் அடையாளம் கண்டார். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் காலத்தில் வலுப்பெற்ற அந்தக் கோட்டையைப் பேரப்பிள்ளைகள் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்க, படகிலிருந்த ஆசிரியர் ஒருவர் அதைவிடப் பழைய செய்தி ஒன்றைச் சொன்னார். 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழில் பொறித்துவைத்த கல்வெட்டு நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிறது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்திறங்கும் பிறநாட்டவரான பரதேசிகளைக் காக்கவேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கைப் பண்டாரம் (அரச கருவூலம்) கொண்டு மூன்று பங்கை உடையவனுக்கு விடவேண்டும் என்றும், வணிகச் சரக்குக் கப்பலானால் சரிபாதி என்றும் அதில் சொல்லப்பட்டிருப்பதை அவர் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த தாயார், "அப்ப என்னை ஏத்தின வள்ளத்துக்கு எத்தினை பங்கு?" என்று கேட்க, படகே சிரித்தது. பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் கிடைக்காத ஒன்றைப் போகிற போக்கில் தந்த அந்த ஆசிரியருக்கு எங்கள் தனி நன்றி உரியது.

வேலணைத் தீவின் மறைப்பு முடிந்த பின்னர் சோளகம் எனும் தென்மேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. ஆவணியில் இது வழமைதான் என்றாலும், தெளித்து விழும் உப்புநீர் தாயாரை நனைத்துவிடும் என்பது எங்கள் கவலையாக இருந்தது. நாங்கள் கேட்பதற்கு முன்பே பெண்கள் இருவர் படங்கு ஒன்றை விரித்து, காற்று வரும் பக்கமாகத் தங்கள் கைகளாலேயே பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுவைதீவில் இறங்கவேண்டியவர். படகு அங்கே தொட்டபோது, தாம் பிடித்திருந்த முனையை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு இறங்கிப் போனார். அவர் யார், எவர் என்று கேட்கவும் எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. இம்மடல் எப்படியாவது அவர் கண்ணில் படவேண்டும் என்று விரும்புகிறோம்.

அனலைதீவுத் துறையில் எங்களுக்காகக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணவில்லை. தகவல் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. கதிரையைக் கட்டியிருந்த கம்புகளோடு அப்படியே இறக்கி, முச்சக்கரவண்டிவரை தூக்கிச்சென்ற இளைஞர்களில் பெரும்பாலோர் நாங்கள் ஊரை விட்டுப் போன பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் "இன்னாரின் மகள்" என்று தாயாரின் தகப்பனார் பெயரைச் சொல்லியே அவரை வரவேற்றார்கள்.

பனையோலை வேலிகளுக்கு நடுவே ஒழுங்கைகள் அப்படியே இருந்தன. எங்கள் பாட்டனாரின் புகையிலைத் தோட்டம் இருந்த நிலத்தில் இப்போது வேறொருவர் பயிர் செய்கிறார். யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர்வரை கப்பலேறிய காலத்தின் கதைகளைத் தாயார் அவருக்குச் சொல்ல, அவர் வேலையைப் போட்டுவிட்டு வரப்பிலேயே குந்தியிருந்து கேட்டார். அவருடைய பொறுமைக்கு நன்றி.

எங்கள் வீடு கூரையில்லாமல் நிற்கிறது. தங்குவதற்கு இடம் தந்த அயல்வீட்டு அன்னையைப் பற்றி ஒரு செய்தியை எழுதாமல் இருக்க முடியாது. அவரது கணவரும் மகனும் கடற்றொழிலாளர். மீன் அந்த வீட்டின் அன்றாடம். நாங்கள் நேர்த்திக்காக விரதம் இருக்கிறோம் என்று அறிந்ததும், அவர் தமது குசினியை எங்களுக்காக மாற்ற முற்படவில்லை. முற்றத்தில் புதிதாக மூன்று கல் வைத்து, புதுச்சட்டி புதுப்பானை வாங்கி, எங்களுக்கு மரக்கறிச் சமையலைத் தனியாகச் செய்தார். தீவின் பல கிணறுகள் உவர்ப்பானவை. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீரை அவரது மகள் தொலைவிலுள்ள கிணற்றிலிருந்து சைக்கிளில் கான்களில் கட்டிக்கொண்டு வந்தார். பனங்கட்டியோடு அவர்கள் தந்த தேநீர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தச் சைக்கிள் பயணம் இருந்தது என்பதைப் பேரப்பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். அடுத்த வேளை அவர்களும் கான்களோடு உடன் போனார்கள்.

கோயிலில் பொங்கலுக்கு வேண்டிய பனைமட்டையும் தென்னம்பாளையும் முன்கூட்டியே அடுக்கப்பட்டிருந்தன. தாயார் தம் கையாலேயே அரிசி இடவேண்டும் என்று விரும்பியதால், கதிரையை அடுப்பருகே கொண்டுவந்து, புகை அவர் முகத்தில் படாதவாறு காற்றுக்கு முதுகு காட்டி இருத்தினார்கள். பூசகர் ஐயா எங்கள் வசதிக்காகப் பூசை நேரத்தைச் சற்றுத் தள்ளிவைத்தார். பொங்கி வழிந்தபோது குலவை இட்டவர்கள் ஊர்ப்பெண்கள்; எங்களுக்கு அது தொண்டையில் எழவில்லை.

அன்றிரவு தாயாருக்குத் தலைச்சுற்று ஏற்பட்டது. தீவின் வைத்தியசாலையிலிருந்து தாதி உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தத்தைப் பரிசோதித்து, மருந்து கொடுத்து, பயப்படுவதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பின்னரும் நெடுநேரம் அருகில் இருந்தார். காலையில் புறப்படும் முன் மீண்டும் வந்து பார்த்தார். கடலைத் தாண்டித்தான் பெரிய வைத்தியசாலைக்குப் போகமுடியும் என்ற இடத்தில் இப்படி ஒருவர் இரவில் வந்து கதவைத் தட்டுவது எத்தகைய ஆறுதல் என்பதை, வீதிக்கு வீதி வைத்தியர் உள்ள நகரங்களில் வாழும் நாங்கள் அன்றுதான் உணர்ந்தோம்.

திரும்பும் பயணம் காற்று எழுவதற்கு முன் விடியற்காலையில் அமைந்ததால் அதில் சொல்ல அதிகமில்லை. படகோட்டிக்கு வழமையான கட்டணத்துக்கு மேல் கொடுக்க முயன்றோம். அவர் கட்டணத்தை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மிகுதியைத் தாயாரின் கையிலேயே திருப்பி வைத்தார். கடைக்காரரிடம் கதிரைக்கு விலை கேட்டபோதும் இதே பதில்தான் கிடைத்தது.

பெயர்களை இங்கே குறிப்பிடாதது உதவியவர்களில் பலர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கவே என்பதைத் தயவுசெய்து அறிந்துகொள்ளுங்கள். எவரையேனும் குறிப்பிடத் தவறியிருந்தால் பொறுத்தருளவேண்டும்.

தாயாரின் விருப்பப்படி, அவருடைய சக்கர நாற்காலியையும், ஊர்காவற்றுறைத் தச்சர் ஒருவரிடம் செய்வித்த, கைபிடிக் கம்புகள் பொருத்திய மரக்கதிரை ஒன்றையும் அனலைதீவு வைத்தியசாலையில் ஒப்படைத்திருக்கிறோம். நோயாளிகளையோ முதியவர்களையோ கர்ப்பிணித் தாய்மாரையோ படகில் ஏற்ற வேண்டியவர்கள் எவராயினும் அவற்றை அங்கே கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். கயிறு மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்படவேண்டும். அதற்குரிய செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
நன்றியுடன்,
பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்