தம்பி வருகிறான்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை தம்பி பெங்களூர் வருகிறான். சின்னச் சின்னத் தட்டாக வைக்கிற ஏதோ புது ஓட்டலுக்கு நீ கூட்டிப்போவதாக அவன்தான் சொன்னான். நீ போன் எடுத்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை.

மெனுவைப் பார்த்ததும் ஏழெட்டு ஐட்டத்தை ஒரேயடியாகச் சொல்லிவிடாதே. அங்கே எது முதலில் வெந்ததோ அது முதலில் வரும். எல்லாம் சேர்ந்து வந்தால் மேசையில் இடம் இருக்காது, பொரித்தது நமத்துப்போகும். முதலில் 2 தட்டு: ஒன்று பச்சைக் காய், ஒன்று பொரித்தது. அது தீரும்போது அடுத்த 2. பசி மிச்சமிருந்தால் கடைசியில் சோறு. நம் தட்டுவடை செட் கணக்குதான். ஆள் வந்து நின்ற பிறகுதானே சட்னி தடவி, பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து மேல்வடை மூடுகிறோம்? முன்னாலேயே அடுக்கினால் பீட்ரூட் தண்ணீர் விட்டு வடை சவசவ என்றாகிவிடும்.

தனி ஓட்டல் என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், கட்டித்தான் ஆகணும். சர்வீஸ் சார்ஜ் நம் இஷ்டம். 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது, எடுக்கச் சொல்லலாம். அதற்காக அவன் முன்னால் சத்தம் போடாதே. பில்லை நீயே கட்டு. என் மகள் கட்டினாள் என்று இங்கே நாலு பேரிடம் சொல்வேன். செவ்வாய்ப்பேட்டை வீட்டுப் பேச்சை மட்டும் அங்கே எடுக்காதே.

இன்னொன்று. தட்டுக்கு 3 துண்டு வைக்கிற ஓட்டல் உண்டு. நீங்கள் ரெண்டு பேர். சொல்லும்போதே எத்தனை என்று கேள். சில இடத்தில் கூடக் காசு வாங்கிக்கொண்டு நாலாகத் தருவார்கள்.

வீட்டில் அந்த மூணாவதை நான் எப்பவும் அவன் தட்டில்தான் வைத்தேன். நீ வாய் திறந்து கேட்டதில்லை. கேட்காததால் உனக்கு வேண்டாம் என்று நானே நினைத்துக்கொண்டேன். பத்திரம் எழுதும்போதும் அதையேதான் செய்தேன் கண்ணு.

ஒரேயடியாகச் சொல்லிவிடாதே, ரெண்டு ரெண்டாகச் சொல்.

அவனிடம் தட்டுவடை கொடுத்தனுப்புகிறேன். பச்சைச் சட்னியை வந்ததும் பிரிட்ஜில் வை. பீட்ரூட்டை நீயே துருவு, பிழிந்துவிட்டு வை. டப்பாவில் 48 வடை. 24 செட் வரும், ஆளுக்கு 12. எண்ணித்தான் வைத்திருக்கிறேன்.

அம்மா