குழாய்க்கு முன் மவுண்ட்

ஊத்தங்கரை

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. ஒரு லட்சம் ரூபாய்க்குள் தொலைநோக்கி வாங்கி நெபுலா என்னும் விண் முகில்களையும் கேலக்ஸிகளையும் படமெடுக்கப் போவதாகவும், அதற்காக 8 அங்குல ஆடி உள்ள நியூட்டோனியன் தொலைநோக்கி ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். உன் ஆர்வம் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அந்தக் குழாயை இப்போது வாங்காதே. கண்ணால் பார்ப்பதற்குப் பெரிய விட்டம் நல்லதுதான். படமெடுப்பதென்றால் பணத்தில் பெரும்பகுதி, தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு கூடவே சுழற்றும் ஈக்குவடோரியல் மவுண்டுக்குத்தான் போக வேண்டும்.

பள்ளியில் இயற்பியல் நடத்திய பழக்கத்தில் கணக்கோடு சொல்கிறேன். பூமி 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றுவதால் வானம் விநாடிக்கு 15 விகலை (ஒரு பாகைக்கு 3,600 விகலை) நகர்கிறது. பிக்சல் அளவு ஏறத்தாழ 4 மைக்ரான் உள்ள கேமராவை 400 மி.மீ. குவியத் தொலைவுள்ள தொலைநோக்கியில் மாட்டி, சுழற்றாமல் விட்டால், மிருகசீரிடப் பக்கத்து நட்சத்திரம் ஒன்று ஒரே விநாடியில் ஏழு பிக்சல் இழுபட்டுக் கோடாகிவிடும். நீ பார்த்து வைத்திருக்கும் 1,000 மி.மீ. குழாயில் அது பதினெட்டு பிக்சல். நமக்கு வேண்டியதோ ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் திறந்து வைத்த படங்கள். அப்படிப் பல டஜன் எடுத்து, சிரில், டீப்ஸ்கைஸ்டேக்கர் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான், படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் இரைச்சல் குறைந்து மங்கலான முகில் மேலெழும். எட்டு ஒன்பது கிலோ எடையுள்ள குழாயை அத்தனை நேரம் பிசகாமல் சுமக்கும் மவுண்ட் உன் பணத்துக்குள் வராது.

அதனால் 60 முதல் 70 மி.மீ. விட்டமும் 400 மி.மீ.யை ஒட்டிய குவியத் தொலைவும் உள்ள, நிறங்கள் பிசிறாமல் காட்டும் ஈ.டி. கண்ணாடி வில்லை போட்ட சிறிய ரிஃப்ராக்டர் தொலைநோக்கியைப் பார். சிறியது என்று மனம் குறைய வேண்டாம். ஆண்ட்ரோமெடா கேலக்ஸி வானத்தில் மூன்று பாகை நீளம், அதாவது ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்த அளவு. உன்னிடம் உள்ள, ஏ.பி.எஸ்.-சி அளவு சென்சார் கொண்ட கேமராவில் 400 மி.மீ.க்கு மூன்று பாகைக்குச் சற்றுக் கூடுதலாகவே அடங்கும், 1,000 மி.மீ.க்கு ஒன்றேகால் பாகைதான், நடுப்பகுதி மட்டுமே கிடைக்கும். புதிய கேமராவுக்கு இப்போது அவசரம் இல்லை.

ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் எழுதும் அறிவுரைகளில் அதிகம் வராத சிக்கல் ஒன்று நம் ஊருக்கு உண்டு. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 12 பாகை வடக்கில் இருக்கிறோம். ஆகவே துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து 12 பாகை உயரத்தில்தான், புழுதிக்கும் மரங்களுக்கும் நடுவே நிற்கும். மவுண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தின் பக்கம் நோக்க வேண்டும் என்பதால் அதை அவ்வளவு தாழ்த்த வேண்டும்; சில மவுண்டுகளோ அந்த அளவுக்கு இறங்குவதே இல்லை. இறங்கினாலும், எதிர் எடை தொங்கும் தண்டு சுழலும்போது முக்காலியின் காலில் போய் இடிக்கும். பல மாதச் சேமிப்பைக் கொட்டும் முன் இதை நீ கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆனால் இதே 12 பாகைதான் நமக்குத் தென்வானத்தையும் தருகிறது. இங்கிருந்து வடகிழக்கே ஜவ்வாது மலையில் உள்ள காவலூரை வானியலாளர் வைணு பாப்பு வான் ஆய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்ததற்கு, தென்வானம் நன்றாகத் தெரியும் என்பதும் ஒரு காரணம்; 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் அங்கே திறக்கப்பட்டது. லண்டனில் அடிவானத்துக்கு மேலேயே வராத ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து, நம் மொட்டை மாடியிலிருந்து 30 பாகை உயரத்துக்கு ஏறும். வைகாசி முன்னிரவில் மேகம் இல்லாத நாள் வாய்த்தால் அதை எடுக்கலாம். ஆண்ட்ரோமெடாவுக்கு உரிய ஐப்பசி, கார்த்திகையை மழை கெடுத்துவிடும் என்பதால், தையில் ஓரியன் நெபுலாவோடு தொடங்கு. அது பிரகாசமானது, புதியவர்களை ஏமாற்றாது. அந்த மாதத்துப் பனி வில்லையில் படியும், சூடேற்றும் பட்டை ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடு.

விற்பவரிடம், அந்த மவுண்ட் 12 பாகை அகலாங்கில் எதிலும் இடிக்காமல் முழுவதும் சுழலுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்பு. தை அமாவாசையை ஒட்டி லீவு போட்டு வா. மாடியின் வடக்குப் பக்கத்தை மறைக்கும் முருங்கைக் கிளைகளை அதற்குள் வெட்டித் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா