அமெரிக்க விடுமுறை வேலை: திரும்பி வரும் பணம் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் கடைசியில் தேர்வு முடிந்ததும் ஜே-1 என்னும் பரிமாற்ற விசாவில் அமெரிக்கப் பனிச்சறுக்கு விடுதிகளுக்கு வேலைக்குப் போகும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மாணவர்களிடம், 'கட்டிய வரி முழுவதும் திரும்ப வாங்கித் தருகிறோம்' என்று முகவர்கள் சொல்வதுண்டு. முழுவதும் வராது. வரவேண்டிய பகுதியைத்தான் பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சம்பளத்தில் இரண்டு வகைப் பிடித்தம் உண்டு. ஒன்று கூட்டரசு வருமான வரி. மற்றது சோஷியல் செக்யூரிட்டி என்னும் ஓய்வூதியத் திட்டத்துக்கு 6.2 சதவீதமும் மெடிகேர் என்னும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதமும், ஆக 7.65. அமெரிக்க வரிச் சட்டத்தின் 3121(b)(19) பிரிவுப்படி, வரிக் கணக்கில் வெளிநாட்டவராகவே இருக்கும் ஜே-1 மாணவரிடம் இந்த 7.65ஐப் பிடிக்கவே கூடாது. சம்பளக் கணக்கர் எல்லோருக்கும் போடுவதுபோல் போட்டுவிடுவதால்தான் இந்தத் தவறு நேர்கிறது.

2025 ஜனவரி முதல் மார்ச் வரை வாரம் 500 டாலர் வீதம் பத்து வாரம் உழைத்த மாணவரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 5,000 டாலர். முதல் 11,925 டாலர் வரை 10 சதவீதம், எனவே அவர் கட்டவேண்டிய கூட்டரசு வரி 500. பிடித்தம் செய்யும்போதோ வாரச் சம்பளமான 500 டாலர் 52 வாரமும் வரும் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவார்கள். ஒரு பகுதிக்கு 12 சதவீதம் விழுந்து, பிடித்தது ஏறக்குறைய 554 ஆகிவிடும். திரும்பக் கேட்க முடிந்தது 54 டாலர்தான். மாநில வருமான வரியும் பிடித்திருந்தால் அதைக் கழிவாகக் காட்டி இன்னும் கொஞ்சம் பெறலாம். தவறாகப் பிடித்த 7.65 சதவீதமோ 382.50 டாலர். எதன் பின்னால் ஓடவேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

வேலையில் சேரும் நாளில் வரிப் பிடித்தத்துக்காக நிரப்பும் டபிள்யூ-4 படிவத்தில் 4(சி) கட்டத்துக்குக் கீழே 'நான்ரெசிடென்ட் ஏலியன்' (வரிக் கணக்கில் வெளிநாட்டவர்) என்று எழுதவேண்டும். எழுதாவிட்டால் உள்ளூர்க்காரருக்கான நிலையான கழிவை, அதாவது வருமானத்தில் வரி போடாமல் விடும் தொகையைச் சேர்த்துப் பிடித்தத்தைக் குறைத்துவிடுவார்கள். வாராவாரம் கைக்குக் கூடுதலாக வருவது இனிக்கும், ஏப்ரலில் பாக்கி நிற்கும். அந்தக் கழிவு தென்னாப்பிரிக்க மாணவருக்குக் கிடையாது. சென்னையிலிருந்து போன உறவுக்காரப் பிள்ளை 'எனக்குக் கிடைத்ததே' என்று சொன்னால் அதுவும் உண்மைதான். இந்தியாவுடனான வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு இந்திய மாணவருக்கு மட்டும் தரும் சலுகை அது.

முகவர்களின் 'முழுத்தொகை' வித்தையும் இந்தக் கழிவில்தான் இருக்கிறது. வெளிநாட்டவருக்கான வரிக்கணக்குப் படிவமான 1040-என்ஆருக்குப் பதில் உள்நாட்டவருக்கான 1040ஐப் போட்டுக் கழிவைச் சேர்த்துவிடுவார்கள். பணம் வரும், ஆனால் கணக்கு பொய். கையெழுத்து மாணவருடையது, அடுத்த விசா விண்ணப்பத்தில் பதில் சொல்லவேண்டியதும் அவரே. ஏற்கெனவே அப்படிப் போட்டவர்கள் 1040-எக்ஸ் என்னும் திருத்தப் படிவம் வழியாகத் திருத்திவிடுவது நல்லது.

நம் பிள்ளைகளின் வேலைக்காலம் இரண்டு ஆண்டுகளில் விழுவது வேறொரு சிக்கல். டிசம்பர் சம்பளத்துக்கு ஒரு டபிள்யூ-2 (முதலாளி தரும் ஆண்டுச் சம்பளச் சான்று), ஜனவரி முதல் வாங்கியதற்கு இன்னொன்று. எனவே கணக்கும் இரண்டு முறை தாக்கல் செய்யவேண்டும், ஒவ்வொன்றோடும், அங்கே தங்கிய நாட்களைக் காட்டும் 8843 படிவம். முதல் டபிள்யூ-2 ஜனவரி 31க்குள், தைப்பூசக் காவடியை ஒட்டி, அங்கே இருக்கும்போதே கைக்கு வந்துவிடும். இரண்டாவது மறு ஆண்டு ஜனவரியில், காலி செய்துவிட்டுப் போன விடுதி அறைக்குப் போகும். கிளம்பும் முன்பே டர்பன் முகவரியை எழுத்தில் கொடுங்கள். சம்பள இணையதளத்தில் நுழையக் கேட்கும் குறியீட்டு எண் அமெரிக்கக் கைப்பேசிக்கு வருமாறு வைத்திருந்தால் மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். சிம் போனபின் உள்ளே நுழைய முடியாது. கடைசிச் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

7.65ஐ முதலில் முதலாளியிடம்தான் கேட்கவேண்டும். டபிள்யூ-2வின் 4ஆம், 6ஆம் கட்டங்களில் தொகை இருந்தால் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். முதலாளியும் தன் பங்காக அதே 7.65ஐக் கட்டியிருப்பார், திருத்தினால் அதுவும் அவருக்குத் திரும்பும். இதைச் சொன்னால் பல சம்பளப் பிரிவுகள் காது கொடுக்கும். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ பணத்தைத் திரும்பக் கேட்கும் 843, 8316 படிவங்களை நிரப்பி, டபிள்யூ-2, விசாப் பக்கம், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), டிஎஸ்-2019 (ஜே-1 தகுதிச் சான்று), 1040-என்ஆர் ஆகியவற்றின் நகல்களோடு யூட்டா மாநிலம் ஆக்டனிலுள்ள வரி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பவேண்டும். ஆண்டுக்கு ஒரு 843, இரண்டையும் ஒன்றில் எழுதக்கூடாது. 1040-என்ஆர் உறையிலேயே இதையும் சொருகுவதும் தவறு, இரண்டும் வெவ்வேறு வழியில் போகும் விண்ணப்பங்கள். மூன்று ஆண்டு அவகாசம் உண்டு: 2023 சம்பளத்துக்கு 2027 ஏப்ரல் 15 வரை. மாதக்கணக்கில் காத்திருக்க மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பணம் வரும்வரை அமெரிக்க வங்கிக் கணக்கை மூடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் காசோலை 2020 டிசம்பர் 31உடன் ஒழிந்தது. டாலர் காசோலை வந்தால் அதை மாற்ற அலையவேண்டியிருக்கும்.

தென்னாப்பிரிக்க வரித் துறையான சார்ஸுக்கும் இந்த வருமானத்தைக் காட்டவேண்டும். இங்குள்ள வரியாண்டு மார்ச் 1 முதல் பிப்ரவரி இறுதிவரை என்பதால் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிச் சம்பளம் ஒரே ஆண்டில் வரும், மார்ச் சம்பளம் அடுத்ததில். 2026 பிப்ரவரியில் முடிந்த வரியாண்டுக்கு வரியில்லா எல்லை 95,750 ரேண்ட். பலர் அதற்குள் அடங்கிவிடுவர், மீறினால் அங்கே கட்டிய வருமான வரியை இங்கே கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளக் கேட்கலாம். சார்ஸ் தானே அனுப்பும் தானியங்கிக் கணிப்பில் அமெரிக்கச் சம்பளம் இருக்காது. சரி என்று அழுத்துமுன் அதை நீங்களே சேர்க்கவேண்டும்.

இப்படிக்கு,
வரிக்கணக்கு தெரிந்த வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்