பிளைவுட்டுக்குள் இருக்கும் பாப்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளைவுட் கடைகளில் 'பாப்லர் கோர்', அதாவது உள்ளடுக்குகள் பாப்லர் மரத்தால் ஆனவை என்று சொன்னால் சிலர் அதை உயர்ந்த சரக்கென்று நம்பி வாங்குகிறார்கள்; தச்சர்களில் பலரோ அதைத் தொடவே தயங்குகிறார்கள். இரு தரப்பும் மரத்தின் இயல்பைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசப் பகுதி உழவர்கள் கோதுமை வயலிலேயே பாப்லரை வரிசையாக நட்டு வளர்க்கிறார்கள். குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நிற்பதால் பயிருக்கு வெயில் மறைவதில்லை. ஆறேழு ஆண்டுகளில் மரமும் வெட்டுக்கு வந்து ஹரியானாவின் யமுனாநகர் பிளைவுட் ஆலைகளுக்குப் போய்விடுகிறது. தண்டு நேராகவும் மரம் மென்மையாகவும் இருப்பதால் கட்டையைச் சுழற்றி வெனீர் எனும் மெல்லிய ஏடுகளாக உரிப்பது எளிது.

உலர்ந்த பாப்லர் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 400 முதல் 450 கிலோ எடைதான் இருக்கும். ஆணி அடித்தால் எளிதில் பிளக்காது, உலர்ந்தபின் வாடையும் இராது. காஷ்மீர் ஆப்பிள் பெட்டிகளுக்கும் பிரான்சின் கமம்பேர் பாலாடைக்கட்டிப் பெட்டிகளுக்கும் இதைப் பயன்படுத்துவது அதனால்தான். இழைக்கும்போது மட்டும் சில இடங்களில் நார் எழும்பிப் பஞ்சுபோல் நிற்கும். உளியும் இழைப்புளியும் நல்ல கூர்மையுடன் இருக்க வேண்டும். பெயின்ட் அழகாகப் பிடிக்கும். சாயம் பூசினாலோ திட்டுத்திட்டாகத் தெரியும்.

இதன் பெரிய குறை பூஞ்சைக்கும் கரையானுக்கும் தாக்குப்பிடிக்காததுதான். லியனார்டோ டா வின்சி மோனா லிசாவை வரைந்ததும் பாப்லர் பலகையில்தான் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது நனையாத கூரையின் கீழ் கவனமாகக் காக்கப்பட்டது, அப்படியிருந்தும் பலகை வளைந்து மேற்பகுதியில் விரிசல் கண்டிருக்கிறது.

எனவே அலமாரி, கட்டில் தலைப்பலகை, பெயின்ட் அடிக்கும் உள்ளறைச் சாமான்கள் ஆகியவற்றுக்குப் பாப்லர் போதும். வாசல் நிலைக்கும், தண்ணீர் புழங்கும் சமையலறைத் தொட்டியின் அடிப்பகுதிக்கும் ஆகாது. கொதிநீரைத் தாங்கும் என்று பிளைவுட் பலகையில் அச்சிட்டிருப்பது பசையைப் பற்றிய உறுதிமொழியே தவிர, உள்ளே இருக்கும் மரம் மக்காது என்பதற்கான உறுதிமொழி அன்று. அதற்கு ஆலையில் மருந்தேற்றியிருக்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் பணத்தை இழப்பவர்கள் ஏராளம்.

உள்ளடுக்கு எந்த மரம், மருந்தேற்றியதா என்ற இரண்டையும் விற்பனைச் சீட்டிலேயே எழுதித் தர வேண்டுமென்று வணிகர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்