பரணில் உன் கார் இருந்தது

தம்பி,

வீட்டை விற்பதென்று முடிவாகிவிட்டது. யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் இழுத்தடித்தார்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும். சித்தப்பா வீட்டாரும் இதைப் படிப்பார்கள், அதனால் அது இங்கே வேண்டாம்.

பரணை ஒழிக்கும்போது உன் கார் கிடைத்தது. எட்டாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்குச் செய்தாயே, ஹவாய் செருப்பில் சக்கரம் வெட்டி, அதேதான்.

முந்தின இரவு நீ தூங்கியபிறகு அதைப் பிரித்தேன். சக்கரத்தை மோட்டார் தண்டிலேயே சொருகியிருந்தாய். கையில் தூக்கினால் விர்ரென்று சுற்றும், தரையில் வைத்தால் முனகிக்கொண்டு நிற்கும். அந்த 9 வோல்ட் பேட்டரிக்குள் இருப்பது ஆறு குட்டி செல்கள். மோட்டார் கேட்கிற கரண்டை அதனால் கொடுக்க முடியாது. இரண்டு பென்சில் செல், 3 வோல்ட், போதும். தண்டில் ஒரு ரீஃபில் துண்டு. பின்சக்கரத்துக்கு சைக்கிள் ஸ்போக்ஸில் தனி அச்சு, அதில் டானிக் பாட்டில் மூடி, நடுவே ரப்பர் பேண்ட். மூடி ரீஃபிலைவிடப் பத்து மடங்கு பெரிது. வேகம் பத்தில் ஒன்றாகும், இழுவை கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் கூடும். விடிகாலை மூன்று மணிக்குக் கூடத்தில் அது ஊர்ந்து போனபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் பார்வையிட வந்த சார் மூடியைத் தொட்டு, "இது எதுக்குப்பா?" என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அப்புறம், "இது அக்கா செஞ்சது சார்" என்றாய். அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மன்னித்துவிடு. உன்னை எழுப்பிக் கேட்டிருக்க வேண்டும். ஓடாத வண்டியோடு நீ நிற்பதை எப்படிப் பார்ப்பது என்றுதான் செய்தேன். சரி, அது மட்டும் இல்லை. பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவள் நான். அப்பா டவுனுக்குப் போய் மோட்டார் வாங்கி வந்தது உனக்கு. எனக்கென்று ஒரு ஸ்குரூ டிரைவர்கூட இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. (அப்பாவைக் குறை சொல்லவில்லை. படிக்கிறவர்கள் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம்.) ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தாயே, என்ன கொழுப்பு உனக்கு!

இப்போது பார்த்தால் மூடியும் இல்லை, ரப்பர் பேண்டும் இல்லை. சக்கரம் பழையபடி மோட்டார் தண்டில். அதே 9 வோல்ட் பேட்டரி, கசிந்து, கிளிப்பில் பச்சை படிந்திருக்கிறது. எப்போதடா மாற்றினாய்?

பார்சலில் அனுப்பவா, வந்து எடுத்துக்கொள்கிறாயா? நான் எதையும் தொடவில்லை. பேட்டரியை மட்டும் கழற்றிப் போட்டேன், அரித்துவிடும் என்று.

அக்கா