தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் காசிமேட்டில் இறால் உரிக்கப் போன நான், 38 வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதத் துணிந்தபோது, ஐந்து பாடத்துக்கும் புத்தகம் வாங்கினால் போதும் என்றே நினைத்திருந்தேன். அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்று மதிப்பெண் பிரிவதும், செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. விசாரிக்கப் போன இடத்தில் எவரும் சொல்லவும் இல்லை.

மாற்றுச் சான்றிதழை நகலெடுக்கத்தான் உங்கள் கடைக்கு வந்தேன், அண்ணா. தாளைக் கண்ணாடியில் வைத்தபடியே, "செய்முறைக்குப் பதிவு பண்ணிட்டீங்களாம்மா?" என்று நீங்களாகக் கேட்டீர்கள். நான் விழித்ததைப் பார்த்து, மறுநாளே கடைசி நாள் என்று சொல்லி, விண்ணப்பத்தைக் கணினியில் எடுத்து, இறால் ஓடு கீறிய என் விரல்களில் பேனா நிற்காததைக் கவனித்து, எல்லாவற்றையும் மெல்லிய பென்சிலில் நீங்களே எழுதி, அதன் மேல் என்னை எழுத வைத்தீர்கள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீட்டிய பணத்தில் நகலுக்கான இரண்டு ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

அறிவியலில் 61 வாங்கித் தேறிவிட்டேன். உங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை இருக்கிறது. இதைப் படிப்பவர்களில் இந்த அண்ணனை அறிந்தவர்கள் அவரிடம் இதைக் காட்டுங்கள். சான்றிதழின் முதல் நகலை உங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று உறையிலேயே வைத்திருக்கிறேன், அண்ணா.