பெயரோடு அளவும் மாறியதை யார் சொல்வது?

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தொடக்கநிலை எலக்ட்ரிக் கிட்டார் வரிசையின் பெயர் மாற்றம், பொருந்தாத உதிரி பாகம், காணாமல் போன பழைய விவரப் பக்கம் தொடர்பான புகார்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் தொடக்கநிலை வரிசையைச் சேர்ந்த எலக்ட்ரிக் கிட்டார்கள் இரண்டு எங்கள் வீட்டில் இருக்கின்றன. பழைய பெயரில் வந்தது என்னுடையது. நீங்கள் வரிசைக்குப் புதுப் பெயர் வைத்த பிறகு வாங்கியது என் மகளுடையது. இரண்டும் ஒரே வரிசையாக இருந்தால் உதிரி பாகங்களுக்கு அலைய வேண்டியிருக்காது என்று எண்ணித்தான் அதையே தேர்ந்தெடுத்தோம். "பேருதான் சார் புதுசு, கிட்டார் அதேதான்" என்றார்கள் கடையில். உங்கள் தளத்திலும் ஏறக்குறைய அதே பேச்சுதான்: எல்லோரும் விரும்பிய அதே கிட்டார், புதிய பெயரில், மேம்படுத்தப்பட்டு வருகிறது. எது மேம்பட்டது, எது மாறியது என்று மட்டும் எங்கும் எழுதியிருக்கவில்லை.

சில மாதங்களில் மகளின் கிட்டாரில் ட்ரெமோலோ கைப்பிடியை, அதாவது சுருதியை வளைக்க அசைக்கும் கம்பியை, திருகி மாட்டும் துளையின் மரை தேய்ந்து, கைப்பிடி ஆட ஆரம்பித்தது. வாரண்டிக் காலம் முடியவில்லை. உங்களுக்கு எழுதினேன். இது பயன்பாட்டால் வரும் தேய்மானம், வாரண்டியில் சேராது, பாகத்தைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. கைப்பிடி திருகிப் புகும் உலோகக் கட்டைக்கு பிளாக் என்று பெயர்; துத்தநாகக் கலவையில் வார்த்த பிளாக்கில் மரை சீக்கிரம் தேயும் என்பது கிட்டார் பழுது பார்ப்பவர்கள் எல்லோரும் அறிந்த சங்கதி. அதைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், வாசித்தவள் மேல் பழி. சரி, அந்தச் சண்டைக்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் சொன்னபடியே உங்கள் உதிரி பாகப் பட்டியலுக்குப் போய், புதிய வரிசையின் பெயரைப் போட்டுத் தேடினேன். ஸ்டீல் பிளாக்குடன் முழு பிரிட்ஜ் ஒன்று, அதாவது பாடியின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகம், கிடைத்தது. "இந்த வரிசைக்குப் பொருந்தும்" என்று அந்தப் பெயரையே குறிப்பிட்டுப் போட்டிருந்தீர்கள். ஸ்டீல் பிளாக் போட்டால் ஒலி கூடுதல் நேரம் நிற்குமா என்பது கிட்டார்காரர்கள் இன்னும் முடித்துக்கொள்ளாத வாதம். எனக்கு வேண்டியிருந்தது தேயாத மரை மட்டுமே. பணம் கட்டி வரவழைத்தேன்.

வந்த பிரிட்ஜ் உட்காரவே இல்லை. அதைப் பாடியோடு பிணைக்கும் ஆறு திருகுகளில் முதலாவதுக்கும் கடைசிக்கும் நடுவே நீங்கள் அனுப்பியதில் 56 மில்லிமீட்டர். மகளின் கிட்டாரில் உள்ள துளைகளுக்கு நடுவே 52.5 மில்லிமீட்டர். பழைய துளைகளை மரக்குச்சி செருகி அடைத்துவிட்டுப் புதிதாகத் துளை போடலாமே என்று உங்கள் ஆள் தொலைபேசியில் சொன்னார். புத்தம் புதுக் கிட்டாரில் துளையிடச் சொல்கிறார், அப்படிச் செய்தால் வாரண்டி என்ன ஆகும் என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். போகட்டும், துளை போட்டதாகவே வைத்துக்கொள்வோம். அந்த அகலத்துக்குத் தந்திகளை விரித்தால், மேல் ஃப்ரெட்டுகளில், அதாவது பாடிக்கு அருகில் உள்ள உலோகப் பட்டைகளில், இரண்டு ஓரத் தந்திகளும் விரல் வைத்து அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டின் விளிம்பை ஒட்டிப் போய்விடும். கொஞ்சம் அழுத்தி இழுத்தால் தந்தி வெளியே வழுக்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை பிளாக்கின் நீளம். என் பழைய கிட்டாரின் பாடி 45 மில்லிமீட்டர் தடிமன். மகளுடையது 40 மில்லிமீட்டர். முழு நீள பிளாக் பின்பக்கக் குழியைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. பின்மூடியைப் போட வழியில்லை. மூடாமல் விட்டால் வாசிக்கிறவர் வயிற்றில் இடிக்கும்.

சந்தேகத்தின் பேரில் அதே பிரிட்ஜை என் பழைய கிட்டாரில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. உங்கள் பட்டியலில் என்ன நடந்திருக்கும் என்பது அப்போதுதான் பிடிபட்டது. வரிசையின் பெயரை மாற்றிய கையோடு, பழைய பெயர் இருந்த இடங்களில் எல்லாம் புதிய பெயரை நிரப்பியிருக்கிறீர்கள். பாகம் பழைய கிட்டாருடையது, மேலே ஒட்டிய சீட்டு புதியதுடையது. யாரும் ஒரு அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதை விளக்கி எழுதியதற்கு வந்த பதில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. "இது முந்தைய தலைமுறைக்கான பாகம். வாங்கும் முன் உங்கள் மாடலோடு சரிபார்த்திருக்க வேண்டும்." எதோடு சரிபார்ப்பது? பழைய வரிசையின் பக்கத்தைத் திறந்தால் அது நேரே புதிய வரிசையின் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. பழைய கிட்டாரின் விவரக் குறிப்பு, வயரிங் வரைபடம், பாகங்களின் எண்கள் எல்லாம் அதோடு மறைந்துவிட்டன. புதிய பக்கத்தில் பாடியின் தடிமனும் இல்லை, பிரிட்ஜ் திருகுகளின் இடைவெளியும் இல்லை. நிறங்களின் பெயர்கள் மட்டும் விரிவாக இருக்கின்றன. பழைய கிட்டாரை வாங்கியவர்கள் எழுதிய பாராட்டுகளும் புதிய பக்கத்தின் கீழே அப்படியே தொங்குகின்றன. "கனமான, திடமான பாடி" என்று யாரோ மகிழ்ந்து எழுதியிருப்பது இப்போது மெலிந்த கிட்டாருக்குச் சான்றிதழாக நிற்கிறது.

நடுவில் ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு அந்த மெல்லிய பாடிதான் பிடித்திருக்கிறது. எடை குறைவு, தோள் வலிக்கவில்லை என்கிறாள். ஃப்ரெட்டுகளின் ஓரங்களும் என் கிட்டாரைவிட நன்றாகவே தேய்த்து முடிக்கப்பட்டிருக்கின்றன. நான் கற்றுக்கொண்ட காலத்தில் தொடக்கநிலைக் கிட்டார் என்றால் விரலைக் கீறும் ஃப்ரெட்டும், கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டுக்கு அருகில் அழுத்தவே முடியாத உயரத்தில் நிற்கும் தந்தியும்தான். அந்த வகையில் உங்கள் தொழிற்சாலைக்கு நான் விரோதி இல்லை.

பெயர் மாற்றுவதும் உங்கள் உரிமை. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அமெரிக்க கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் மெக்சிகோவில் செய்துவந்த ஸ்டாண்டர்டு வரிசையை 2018ல் பிளேயர் ஆக்கியது, 2024ல் அதுவே பிளேயர் டூ ஆனது. அதன் ஸ்குவையர் பிராண்டில் 2023ல் புல்லட் போய் சானிக் வந்தது. கிப்சன் நிறுவனத்தின் பிராண்டான எபிஃபோன் 2020ல் கிப்சன் மாடல்களின் பெயர்களையும் தோற்றத்தையும் ஒட்டித் தன் வரிசைகளை அடுக்கி வைத்தது. 2025ல் ஸ்டாண்டர்டு என்ற பெயரை ஃபெண்டர் மறுபடி எடுத்தது, இந்த முறை இந்தோனேசியாவில் செய்யும் கிட்டார்களுக்கு. பழைய கிட்டார் வாங்கப் போகிறவர் இனி பெயரைக் கேட்டால் போதாது; ஆண்டையும் நாட்டையும் கேட்க வேண்டும்.

ஆனால் மாறியது என்ன என்பதைச் சொல்ல முடியும் என்பதற்கும் அங்கேயே உதாரணம் இருக்கிறது. 2017 ஜனவரியில் ஃப்ரெட்போர்டுக்குப் பயன்படும் ரோஸ்வுட் மர இனம் ஏறக்குறைய முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்புப் பட்டியலுக்குள் வந்தது. எல்லை தாண்டி விற்க அனுப்பும் ரோஸ்வுட் கிட்டாருக்கு அனுமதிக் காகிதம் தேவைப்பட்டதால், பல நிறுவனங்கள் ஃப்ரெட்போர்டுக்கு பாவ் ஃபெரோ என்ற தென்னமெரிக்க மரத்துக்கும் இந்தியன் லாரலுக்கும், அதாவது நம் கருமருதுக்கும், மாறின. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. பிளேயர் வரிசை பாவ் ஃபெரோவோடு வந்தது. பிளேயர் டூ வந்தபோது ரோஸ்வுட் திரும்பியது, ஃப்ரெட்போர்டின் ஓரங்கள் உருட்டப்பட்டன என்று விளம்பரத்திலேயே சொன்னார்கள். வாங்குபவர் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்ய முடிந்தது. நல்லதை மட்டும்தான் விளம்பரத்தில் சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும். நீங்கள் அதைக்கூடச் செய்யவில்லை, "மேம்படுத்தப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொண்டீர்கள்.

மரம் மாறினால் காது பழகிக்கொள்ளும், பலருக்கு வித்தியாசமே தெரியாது. திருகின் இடைவெளி மாறினால் காது உதவாது. தொடக்கநிலைக் கிட்டாருக்கு இது இன்னும் முக்கியம் என்பது என் எண்ணம். விலை உயர்ந்த கிட்டாரை வாங்குபவர் அதை அப்படியே வைத்திருப்பார். தொடக்கநிலைக் கிட்டாரை வாங்குபவர்தான் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை மாற்றுவார், தந்தியை முறுக்கும் ட்யூனரை மாற்றுவார், பாடியின் மேல் மூடிய தகடான பிக்கார்டைக் கழற்றிப் பார்ப்பார், சால்டரிங் பழகுவார். பிக்கார்டில் 8 துளையா 11 துளையா, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பாட் சிறியதா பெரியதா, ட்யூனர் துளையின் விட்டம் என்ன என்பதெல்லாம் அவருக்குத்தான் தேவை. அதைச் சொல்ல வேண்டிய பக்கத்தில் நீங்கள் சூரிய அஸ்தமனப் படம் போட்டிருக்கிறீர்கள்.

எனவே நான் கேட்பது இதுதான். பொருந்தாத பிரிட்ஜைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கட்டிய முழுத் தொகையையும் அனுப்பும் செலவையும் நீங்கள் ஏற்க வேண்டும். 52.5 மில்லிமீட்டர் இடைவெளியும் மெல்லிய பாடிக்கேற்ற குட்டை பிளாக்கும் உள்ள பிரிட்ஜ் ஒன்றை வாரண்டியின் கீழ் தர வேண்டும். அப்படி ஒரு பாகமே உங்களிடம் இல்லை என்றால் அதையாவது எழுத்தில் சொல்லுங்கள், வெளியில் வாங்கிக்கொள்கிறேன், ரசீதை உங்களுக்கு அனுப்புகிறேன்.

பழைய வரிசையின் விவரப் பக்கத்தைத் திரும்ப ஏற்றுங்கள். விற்பனை முடிந்தது என்று மேலே பெரிதாகப் போட்டுக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. உதிரி பாகப் பட்டியலில் பெயரோடு ஆண்டையும் அளவையும் சேருங்கள். கிட்டாரின் வரிசை எண்ணைத் தட்டினால் அது எந்த வரிசை, எந்தத் தலைமுறை என்று காட்டும் வசதி ஒன்று இருந்தால், உங்கள் சேவைப் பிரிவுக்கே பாதி வேலை குறையும். இப்போது அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தயாரித்த ஆண்டை மட்டும் எனக்கே திருப்பிச் சொல்கிறார்கள்.

இரண்டு கிட்டார்களின் பின்பக்கப் படங்கள், அளவுகோல் வைத்து எடுத்த பிரிட்ஜ் படங்கள், ரசீதுகள், உங்கள் பிரிவிலிருந்து வந்த பதில்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பிரிட்ஜை எந்த முகவரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதையும், பணம் எப்போது வரும் என்பதையும் பதிலில் தெரிவியுங்கள். "சரிபார்த்திருக்க வேண்டும்" என்ற வரியை மட்டும் இன்னொரு முறை அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கிட்டார்கள் இரண்டை வாங்கிய வாடிக்கையாளர்